மீன்கொத்திக்காரர்

தன்னுடைய குதிரை வெல்ல வேண்டும் என்று அவர் கும்பிட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. மற்றவனுடைய குதிரை விழ வேண்டும் என்று முழங்காலில் நின்று கும்பிட்டதைக் கண்டிருக்கிறேன். ஜான்-டலோன் சந்தையில், தக்காளிக் குவியலுக்குப் பின்னால், ஈரச் சீமெந்துத் தரையில், பட்டப்பகலில். சாமான் வாங்க வந்த ஒரு பெண்மணி, கிழவருக்கு நெஞ்சு வலியாக்கும் என்று பயந்து என் கையைப் பிடித்து இழுத்தார். 'ஒன்றுமில்லை மதாம், கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு குதிரைக்குக் கால் முறிய வேண்டும் என்று நேர்த்தி வைக்கிறார்' என்று சொல்ல என்னிடம் இருந்த பிரெஞ்சு போதாது. சிரித்துக்கொண்டு இரண்டு கத்தரிக்காயைக் கூடப் போட்டு அனுப்பினேன்.

எண்பத்தைந்தில் மொன்றியலுக்கு வந்தேன். அகதி வழக்கு எப்போது எடுபடும் என்று தெரியாமல் காத்திருந்த அந்தக் காலத்தில் மூன்று வருடத்துக்கு மேல் அவருடைய மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். குட்டை, கட்டை, கழுத்து என்று ஒன்று இல்லாத உடம்பு. அந்த இல்லாத கழுத்தில் வருடம் முழுவதும் பெரிய கைக்குட்டை அளவில் ஒரு நீலப் பட்டு லேஞ்சி முடிந்திருக்கும். அதன் மூலையில் ஒரு மீன்கொத்தி.

டஸ்கனியில் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊர் அவருடையது. அந்த ஊர் பல வட்டாரங்களாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மிருகமோ பறவையோ, ஒரு நிறம், ஒரு சின்னத் தேவாலயம், ஒரு தண்ணீர்த் தொட்டி. பிள்ளை பிறந்தால் தேவாலயத்தில் ஒருமுறை ஞானஸ்நானம், பிறகு வட்டாரத் தொட்டியில் இன்னொரு முறை. இரண்டாவதுதான் முக்கியம் என்பார் அவர். வருடத்தில் ஒருநாள், ஓகஸ்ட் மாதத்தில், ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி வட்டாரங்களின் குதிரைகள் ஓடும். மூன்று சுற்று, ஒன்றரை நிமிடம். மிச்ச வருடம் முழுவதும் அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றிய பேச்சுத்தான். அவர் மீன்கொத்தி வட்டாரம். எதிரி நரி வட்டாரம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை, அவ்வளவுதான்.

அவர் பேசியது பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் மூன்றையும் போட்டுக் குழைத்த ஒரு பாஷை. என் காதுக்குள் அது எங்கள் தமிழாகவே விழுந்தது. அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன். என் பெயர் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. 'தமூல்' என்றுதான் கூப்பிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

"தமூல், நீ எந்த வட்டாரம்?"

"சிலோன்."

"நாட்டையா கேட்டனான்? உன்ர ஊரில உனக்கு ஆர் எதிரி?"

"ஆமி" என்றேன்.

சிரித்தார். தக்காளியை உருட்டிக்கொண்டே சொன்னார். "ஆமியை வெறுக்கிறது பெரிய வேலையே? அவன் தூரத்தில இருந்து வாறவன். பக்கத்து ஒழுங்கையில ஆர் எண்டு கேக்கிறன்."

நான் கீரைக்கட்டைப் படீரென்று உதறி அடுக்கினேன். அந்த மனிதர், எங்கள் நாடு உலகப்படத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர், அவ்வளவு சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டாரே என்ற எரிச்சலில்.

அவருடைய வெறுப்புக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. நரியின் நிறம் செம்மஞ்சள். ஓட்டம் நடக்கும் கிழமை கடையில் கரட்டை ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். தோடம்பழம் அந்தக் கிழமை எடுப்பதேயில்லை. சந்தையின் மறுகரையில் மீன்கடை வைத்திருந்தவர் அதே ஊர், நரி வட்டாரம். அதனால் எங்கள் மீன்கொத்தி இருபத்தைந்து வருடமாக அந்தச் சந்தையில் ஒரு மீன் வாங்கியதில்லை. மீன்காரர் எங்கள் கடையைக் கடந்து போனால், அவர் போன இடத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொல்வார். மீன்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. வேண்டுமென்றே ஒரு நாளைக்கு நாலு தரம் போவார். கழுவிக் கழுவி என் முதுகுதான் முறிந்தது.

இதில் பெரிய கூத்து, அவருடைய மனைவி, நான் சினியோரா என்று கூப்பிடுகிறவள், நரி வட்டாரம்.

அந்த ஊர் வழக்கப்படி, இரண்டு வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் கலியாணம் கட்டினால் ஓட்டத்தை ஒட்டிய நாலு நாளும் ஒரே கூரையின் கீழ் இருக்க மாட்டார்கள். பெண் தன் ஆட்களிடம் போய்விடுவாள். கப்பலேறி கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் இவர்கள் அதை விடவில்லை. ஓகஸ்ட் வந்ததும் சினியோரா ஒரு சின்னச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவாள். போகும்போது கடைக்கு முன்னால் வந்து நின்று, மற்றச் சனமெல்லாம் பார்க்க, அவரைப் பார்த்துத் தரையில் துப்புவாள். அவர் ஒரு அழுகல் தக்காளியைத் தேடி எடுத்து எறிவார். இரண்டு பேருக்கும் குறி தவறாது.

எண்பத்தேழாம் ஆண்டு ஓட்டத்தன்று என்னை அஹுன்ட்சிக்கில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் கராஜின் நடுவில் ஒரு கதிரை, அதன்மேல் நீண்ட வயரோடு தொலைபேசி. அவர் உடுத்திருந்ததைப் பார்த்து எனக்கு வாயை மூட முடியவில்லை. இளமையில் ஊர்வலத்தில் கொடி வீசியபோது போட்ட வெல்வெட் சட்டை, நீலமும் வெள்ளையும், பூச்சி அரித்துப் பாதி போனது. வயிற்றுக்கு மேல் பொத்தான் பூட்டவில்லை. தலையில் இறகு வைத்த தொப்பி. ஊரில் இருந்த அவருடைய தங்கையின் வீட்டு ஜன்னல் சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்ததாம். அவள் அங்கே தொலைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பாள். இவர் இங்கே காதை வைத்துக் கேட்பார்.

அங்கே சாயந்தரம், இங்கே மத்தியானம். ஊர்வலம் மட்டும் இரண்டு மணித்தியாலம். மேளச் சத்தத்தை வைத்தே எந்த வட்டாரம் போகிறது என்று சொன்னார். "இப்ப இரும்புக் கவசம் போட்ட ஆக்கள் போகினம். இப்ப கொடி எறியிறாங்கள். இப்ப வெள்ளை எருது பூட்டின வண்டில். அதுக்கு மேலதான் வெண்டவங்களுக்குக் குடுக்கிற பட்டுக்கொடி." காலையில் குதிரையைத் தேவாலயத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் பாதிரியார் ஆசீர்வதிப்பாராம். அந்த நேரம் குதிரை உள்ளே சாணி போட்டால் அதிர்ஷ்டமாம். சேணம் கிடையாது. ஓட்டி விழுந்தாலும் குதிரை தனியே ஓடி முடித்தால் வெற்றிதான். ஒருவனை ஒருவன் சவுக்கால் அடிக்கலாம். எதிரியின் ஓட்டியை இரகசியமாக விலைக்கு வாங்கலாம். இவ்வளவையும் அவர் திருவிழாவைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

ஓட்டம் தொடங்கியதும் தொலைபேசியை என் காதிலும் சேர்த்து அழுத்தினார். முதலில் ஒரு வெடி. பிறகு கடல் இரைவது மாதிரி ஓர் இரைச்சல். அவருடைய மூச்சு என் கன்னத்தில் அடித்தது. தங்கை ஏதோ கத்தினாள். மீன்கொத்தியின் குதிரை முதல் வளைவிலேயே சுவரில் மோதி விழுந்துவிட்டது. அவர் முகம் அசையவில்லை. தங்கை மறுபடி கத்தினாள். கிழவர் தொலைபேசியைப் போட்டுவிட்டுக் கராஜுக்குள் குதிக்கத் தொடங்கினார்.

"இரண்டாவது! நரி இரண்டாவது!"

கடைசியாக வருவது வெட்கமில்லையாம். இரண்டாவதாக வருவதுதான் வெட்கமாம். வெற்றியைக் கண்ணால் கண்டு கையால் விட்டவன் அவன். அதற்காக வைன் போத்தல் உடைத்தார். என்னைக் கட்டிப் பிடித்தார்.

"உங்கட குதிரைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அதுவா? கால் முறிஞ்சிட்டுதாம்" என்று சொல்லி எனக்கும் ஊற்றினார்.

அந்த வைன் எனக்கு இறங்கவில்லை. அவர்மேல் அன்று வந்த அருவருப்பு நியாயமானது என்றுதான் நினைத்தேன். ஆனால் அருவருக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோட்-டெ-நெய்ஜில் ஓர் அறையும் குசினியுமாக இருந்த வீட்டில், திருகோணமலைக்காரர் ஒருவரோடு சேர்ந்து இருந்தேன். என்னைவிட மூன்று வயது மூப்பு, நான் அண்ணை என்பேன். வந்த புதிதில் எனக்குக் குளிர்ச் சட்டை வாங்கித் தந்தவர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவர். என் சித்தியின் மகன் ஊரில் ஓர் இயக்கம். அண்ணையின் தம்பி இன்னோர் இயக்கம். எண்பத்தாறில் ஒருநாள் செய்தி வந்தது. சித்தியின் மகனுடைய ஆட்கள், அண்ணையின் தம்பியுடைய ஆட்களைத் தெருத்தெருவாகத் தேடிச் சுட்டுவிட்டார்கள். அண்ணையின் தம்பிக்குப் பத்தொன்பது வயது.

அண்ணை கட்டிலில் இருந்து அழுதுகொண்டிருந்தார். நான் வாசலில் நின்று சொன்னேன்: "அவங்கள் செய்த வேலைக்கு இது நடக்கத்தானே வேணும்."

அதைச் சொன்ன வாய் இதே வாய்தான். அதன்பிறகு ஒரே குசினியில் இரண்டு சட்டி, இரண்டு உப்புப் போத்தல். ஒரு சொல் கிடையாது. இரண்டு வருடம் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

எண்பத்தெட்டில் சினியோரா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரி என் அறைக்குப் பக்கத்தில்தான். கிழவர் தினமும் கடை பூட்டிய கையோடு பஸ் பிடித்துப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருப்பார். ஓகஸ்ட் வந்தது. ஓட்டத்துக்குரிய நாலு நாளும் அவர் போகவில்லை. தமக்கையும் அந்த வருடம் இத்தாலிக்குத் திரும்பிப் போயிருந்தாள். சாகக் கிடக்கிற மனுசியைத் தனியே விட்டுவிட்டுக் கடையில் கரட்டை மூடிவைத்துக்கொண்டு நின்றார். சூப்பைப் போத்தலில் ஊற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார்.

"அந்த நரிக்குச் சொல்லு. அவையின்ர குதிரைக்கு முழங்கால் வீக்கமாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். குழாய்களுக்கு நடுவில் கிடந்த சினியோராவின் முகம் மலர்ந்தது.

"மீன்கொத்திக்குச் சொல்லு. தன்ர குதிரை தேவாலயப் படியில ஏறமாட்டன் எண்டு நிண்டதாம். எனக்கும் அங்க ஆக்கள் இருக்கினம்."

"அவர் வந்திருக்கலாம், சினியோரா" என்றேன்.

"வந்திருந்தா கலைச்சு விட்டிருப்பன்."

புருசனை விட்டுக்கொடுக்காமல் கதைக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் குனியச் சொன்னாள்.

"வீட்டில தையல் பெட்டிக்கு அடியில என்ர லேஞ்சி கிடக்கு. தொட்டியில ஞானஸ்நானம் தந்த அண்டு கட்டினது. என்னைப் பெட்டியில வைக்கேக்க கழுத்தில அது இருக்கவேணும். அது இல்லாமல் போனா என்ர ஆக்கள் அங்க என்னை அடையாளம் காணமாட்டினம்."

"அவரிட்டச் சொல்லுங்கோவன்."

"தன்ர கையால நரி லேஞ்சி கட்டுவாரோ? அந்த ஊரில பிறந்த ஒருத்தனாலயும் ஏலாது. நீ கட்டு. நீதான் ரெண்டு பக்கமும் இல்லாத ஆள்."

ஓம் என்று தலையாட்டினேன். என்னைப் பார்த்து அப்படி ஒரு வசனம் சொன்னவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அந்த வருடம் நரி வென்றது. ஐந்தாம் நாள் கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "கள்ளச் சாதியள்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். அவள் ஓர் இராணி மாதிரி முத்தமிடச் சொல்லிக் கையை நீட்டினாள். அவள் சிரித்த சத்தம் தாழ்வாரத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

ஒக்டோபரில் செத்துப்போனாள். அடக்கத்துக்கு முதல்நாள், அவளுடைய கறுப்புச் சப்பாத்தை எடுத்துவரச் சொல்லி என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பினார். தையல் பெட்டிக்கு அடியில் லேஞ்சி இருந்தது. செம்மஞ்சள் பட்டு, மூலையில் நரி, ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் அவளுடைய உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன்.

அந்த ஊர்க்காரர் பதினைந்து இருபது பேர் வந்திருந்தார்கள். கிழவர் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். அவளுக்குக் கழுத்துப் பெரிதாக வெட்டிய சட்டை போட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு சங்கிலிகூட இல்லை. மூடுவதற்குக் கொஞ்சம் முந்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"இந்தப் பெட்டிக்குள்ள நரியின்ர நிறம் ஒண்டும் போகாது. நான் உயிரோட நிக்கிற வரைக்கும் போகாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் கோட்டுப் பையைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கோப்பி குடிக்க வரச் சொல்லி வெளியே அனுப்பினார்.

"தமூல், நீ நில். மூடுற ஆக்கள் வரப் பத்து நிமிசம் இருக்கு. ஒருத்தரையும் உள்ள விடாதை."

கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொண்டு போனார்.

நானும் அவளும் மட்டும். பைக்குள் கையை விட்டேன். பட்டு விரலில் பட்டது. வேலை போய்விடும் என்று நினைத்தேனா, அவர் எழுதித் தந்த வேலைக் கடிதம் என் வழக்குக் கோப்பில் இருப்பதை நினைத்தேனா? நினைத்தேன்தான். ஆனால் என்னைத் தடுத்தது பயம் இல்லை. ஒரு பக்கத்தின் பெரியவர் 'போகாது' என்று சொன்னால் அதற்குப் போகாது என்ற ஒரே அர்த்தம் மட்டும் இருந்த இடத்திலிருந்து நான் வந்திருந்தேன். அங்கே அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. யோசித்தவர்கள் உயிரோடு இல்லை.

கதவு மெல்லத் திறந்தது. மீன்காரர். கையில் ஒரே ஒரு செம்மஞ்சள் பூ.

"ஒரு நிமிசம் விடு, தம்பி. சின்ன வயசில ஒரே தெருவில விளையாடினனாங்கள்."

நான் அவருடைய நெஞ்சில் கையை வைத்து வெளியே தள்ளினேன். தள்ளும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னை நம்பிக் காவலுக்கு விட்டிருக்கிறார் அல்லவா. பத்து நிமிடம் அல்ல, பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகியும் கிழவர் வரவில்லை. மூடுகிற ஆட்கள்தான் வந்தார்கள். மூடினார்கள்.

சேமக்காலையில் புதைத்து எல்லாம் முடிந்தபிறகு, கார்கள் நின்ற பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கழுத்தில கட்டினனியோ? இல்லாட்டிக் கைக்குள்ள வைச்சனியோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ன முழுசுறாய்? உனக்காக நான் வெளியில எவ்வளவு நேரம் நிண்டனான். அந்தப் பச்சைத்தண்ணிக் கோப்பியை மூண்டு தரம் குடிச்சன். தையல் பெட்டி திறந்து கிடந்ததைக் காலமையே கண்டனான். சொல்லு, கழுத்திலயோ?"

"கழுத்தில" என்றேன்.

"முடிச்சு?"

"இடப்பக்கம்."

தலையை மேலும் கீழும் ஆட்டினார். "சரி. அவள் எப்பவும் அப்பிடித்தான் கட்டுறவள்." பிறகு அந்த மனிதர், செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அவருடைய நெற்றி என் கோட்டில் அழுந்தியிருந்தது. லேஞ்சி அதற்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. கட்டிவிடு என்று காதுக்குள் ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தன் கையால் செய்ய வெட்கப்பட்டதை என் கையால் செய்விக்கப் பார்த்தார். ஊருக்கு முன்னால் மீன்கொத்தியாகவும் இருக்க வேண்டும், மனைவியின் ஆசையும் நிறைவேற வேண்டும். வீராப்புப் பிடித்த கிழவன்.

ஆனால் மூன்று வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்தது என்ன? சூட்கேஸ் வெளியே போவதை ஒவ்வொரு ஓகஸ்டும் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் அதே சூட்கேஸ் திரும்பி வந்ததையும் பார்த்தேன். அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, அவர் எறிந்த தக்காளியின் கறையைக் காட்டித் திட்டிக்கொண்டே கடையில் நின்று அவரோடு பாண் தின்றதையும் பார்த்தேன். துப்புவதற்கு நாலு நாள், திரும்பி வருவதற்கு ஐந்தாம் நாள் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்களுக்கு ஐந்தாம் நாள் என்று ஒன்று இருந்ததேயில்லை. அதனால் அதைக் கண்ணால் கண்டும் எனக்குத் தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் அண்ணை ரொறன்ரோவுக்குப் போனார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் குசினியில்தான் நின்றேன். தம்பியின் பெயரையாவது சொல்லி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

செத்த வீட்டுக்கு அடுத்த நாள் காலை வழமைபோல் கடைக்குப் போனேன். மீன்காரர் எங்கள் கடையைக் கடந்து போனார். என்னைப் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரை எடுக்கப் போன என்னைக் கிழவர் கையைக் காட்டி மறித்தார். இன்றைக்கு வேண்டாம் என்றார். பிறகு பாணை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்கென்று தாளில் வைத்துவிட்டு, தக்காளிக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று முதல் தடவையாக என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுத்துப் பிசகாமல், யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வந்ததுபோல.

கோட்டுப் பைக்குள் லேஞ்சி அப்படியே கிடந்தது. "ஓம், வாறன்" என்றேன்.